அடுத்த பெஞ்சுக்கு வந்த குழந்தை: புலம்பெயர்வு பற்றிய மக்கள் எண்ணமும் அரசின் கொள்கையும்

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் முதல் வாரம். தமிழ்நாட்டில் வேலை செய்யும் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சொல்லும் சில காணொலிகள் கைப்பேசிகளில் வேகமாகப் பரவின. காவல்துறை அவற்றை ஆராய்ந்தது. வேறு காரணங்களுக்காக, வேறு ஆட்களுக்கிடையே நடந்த சண்டைகளின் காட்சிகள் அவை என்று தெரியவந்தது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு இங்கு வந்து தொழிலாளர்களைச் சந்தித்துப் பேசியது. அதிகாரிகள் இந்தியில் விளக்கம் தந்தார்கள். உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன. அதற்குள் பலர் ரயில் ஏறிவிட்டார்கள். ஹோலிக்காக ஊருக்குக் கிளம்பியவர் யார், பயந்து கிளம்பியவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாத கூட்டம் அது.

அந்த வாரத்தில் எந்தச் சட்டமும் மாறவில்லை. குடிமக்கள் இந்தியாவின் எப்பகுதிக்கும் தடையின்றிச் செல்லலாம், எங்கும் தங்கி வாழலாம் என்று சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது உறுப்பு அப்படியேதான் இருந்தது. ஆட்டம் கண்டது ஒன்றுதான்: ‘இங்குள்ளவர்கள் நம்மைப் பற்றி நல்லபடியாகத்தான் நினைக்கிறார்கள்’ என்ற நம்பிக்கை. அது குலைந்தவுடன், சட்டம் தந்த உரிமை ஏட்டளவில் நின்றது. குடும்பத்தோடு கிளம்பியவர்களின் பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

ஓர் அரசு எவ்வளவு நல்ல கொள்கையை வகுத்தாலும், அது நடைமுறைக்கு வருவது அக்கம்பக்கத்து மனிதர்களின் எண்ணத்தின் வழியாகத்தான். வீட்டு உரிமையாளர், ரேஷன் கடைக்காரர், பேருந்து நடத்துநர், பள்ளித் தலைமையாசிரியர் ஆகியோர் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்தக் கொள்கை உயிர் பெறுகிறது, அல்லது கோப்பிலேயே தங்கிவிடுகிறது. இந்தத் தொடர்பை விளக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் பல நாடுகளில் அலுவலர்களுக்கும் இதழாளர்களுக்கும் நடத்தப்படுகின்றன. ஆசிரியர்களுக்கு இது இன்னும் கூடுதலாகத் தேவை. ஏனென்றால், கொள்கையை நடைமுறைப்படுத்துபவரும் நாமே. அடுத்த தலைமுறையின் எண்ணத்தை உருவாக்குபவரும் நாமே. குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஒரே நாளில் நடத்தக்கூடிய நான்கு அமர்வுகளாக இந்தப் பயிற்சியை எப்படி அமைக்கலாம், ஒவ்வோர் அமர்விலும் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை சொல்கிறது.

முதல் அமர்வு: புலம்பெயர்ந்தவர் யார்?

பயிற்சியை ஒரு சிறு செயல்பாட்டுடன் தொடங்கலாம். “இதற்கு முன் வேறு ஊரில் வசித்துவிட்டு இப்போது இந்த ஊரில் வசிப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்று கருத்தாளர் கேட்க வேண்டும். அரங்கில் பெரும்பாலோர் எழுந்துவிடுவார்கள். திருமணமாகி வந்தவர்கள், பணி மாறுதலில் வந்தவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகக் குடிபெயர்ந்தவர்கள் என்று காரணங்கள் பலவாக இருக்கும். இப்போது கருத்தாளர் சொல்லலாம்: “மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீங்கள் எல்லோரும் புலம்பெயர்ந்தவர்கள்.”

இது வேடிக்கைப் பேச்சு இல்லை. நம் நாட்டுக் கணக்கெடுப்பு, கடைசியாக வசித்த இடம் இப்போதுள்ள இடத்திலிருந்து வேறாக இருந்தால் அவரைப் புலம்பெயர்ந்தவராகவே கணக்கிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி அவ்வாறு இடம் மாறியவர்கள் சுமார் 45 கோடிப் பேர். அதாவது, இந்தியர்களில் மூவரில் ஒருவருக்கும் மேல். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெண்கள் இடம் மாறுவதற்கு முதற்காரணம் திருமணம். மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்கள் சுமார் 5.4 கோடிப் பேர்தான். மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்த மாநிலத்துக்குள்ளேயே இடம் மாறியவர்கள்.

ஆனால் ‘புலம்பெயர்ந்தவர்’ என்றவுடன் நம் மனத்தில் எழும் உருவம் எது? தோளில் பையுடன் ரயிலை விட்டு இறங்கும் வடமாநில இளைஞர். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு வந்த பொறியாளர் அந்த உருவத்தில் இல்லை. மதுரையில் பிறந்து ஈரோட்டில் வாழ்க்கைப்பட்ட ஆசிரியையும் இல்லை. ஒரு சொல் கணக்கேட்டில் ஒரு பொருளிலும் பேச்சில் வேறொரு பொருளிலும் வழங்கும்போது, அந்தச் சொல்லை வைத்து நடக்கும் விவாதமும் குழம்பிப்போகிறது. எனவே எந்தக் கருத்துக்கணிப்பைப் படித்தாலும், எந்த விவாதத்தைக் கேட்டாலும், “இங்கே புலம்பெயர்ந்தவர் என்று யாரைச் சொல்கிறார்கள்?” என்று முதலில் கேட்கப் பழக வேண்டும். முதல் அமர்வின் பாடம் அவ்வளவுதான்.

இதே அமர்வில் இன்னொரு பழக்கத்தையும் பேசிவிடலாம். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் எல்லோரையும் ‘இந்திக்காரர்’ என்று சொல்லிவிடுகிறோம். அவர்களில் ஒடியா பேசுபவர் உண்டு. வங்காளம், அசாமி பேசுபவர் உண்டு. பீகாரிலிருந்து வந்தவர் வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ பேசலாம். ஜார்க்கண்டிலிருந்து வந்த குழந்தையின் தாய்மொழி சந்தாலியாக இருக்கலாம். ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்தின் குழந்தையிடம் இந்தியில் பேசிப் பார்த்துவிட்டு, “இந்தியும் தெரியவில்லை, தமிழும் தெரியவில்லை” என்று முடிவுகட்டினால் பிழை குழந்தையுடையது ஆகாது.

இரண்டாம் அமர்வு: எண்ணம் எப்படி உருவாகிறது?

வந்தவர்களின் எண்ணிக்கை கூடினால் எதிர்ப்பும் கூடும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆய்வுகள் காட்டும் படம் அத்தனை எளிதாக இல்லை.

முதலாவதாக, மக்களுக்கு எண்ணிக்கை சரியாகத் தெரிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017இல் எடுத்து 2018இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பு ஒன்றில், உங்கள் நாட்டு மக்கள்தொகையில் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் எத்தனை விழுக்காடு இருப்பார்கள் என்று கேட்டார்கள். உண்மை அளவு சுமார் 7 விழுக்காடு. மக்கள் சொன்ன சராசரி சுமார் 17 விழுக்காடு. பார்த்து எண்ணிய கணக்கு இல்லை அது. கேள்விப்பட்டதில் பிறந்த கணக்கு.

இரண்டாவதாக, அளவைவிட வேகம் முக்கியம். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகலாமா என்று பிரிட்டன் வாக்கெடுப்பு நடத்தியபோது, குடியேற்றம் பெரிய விவாதப் பொருளாக இருந்தது. வெளிநாட்டில் பிறந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாழும் லண்டன் மாநகரம், விலக வேண்டாம் என்று ஏறத்தாழ 60 விழுக்காடு வாக்களித்தது. விலக வேண்டும் என்று நாட்டிலேயே மிக அதிகமாக, 75 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்தது லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டன் என்ற சிறு நகரம். காய்கறிப் பண்ணைகள் சூழ்ந்த அந்த ஊருக்கு, 2004க்குப் பின் சில ஆண்டுகளுக்குள் போலந்து, லிதுவேனியா, லாட்வியா நாடுகளிலிருந்து தொழிலாளர்கள் பெருமளவில் வந்து சேர்ந்தார்கள். பல தலைமுறைகளாக வெளியூர் முகங்களைப் பார்த்துப் பழகிய மாநகரமும், பத்தே ஆண்டுகளில் கடைத்தெரு முழுவதும் மாறிப்போன சிற்றூரும் ஒரே விதமாக நினைப்பதில்லை. மருத்துவமனையும் பள்ளியும் வாடகை வீடுகளும் அதே வேகத்தில் பெருகாவிட்டால், அந்த நெருக்கடிக்கான பழி வந்தவர்கள் மேல் விழுகிறது.

மூன்றாவதாக, எதை முதலில் நினைவூட்டுகிறோம் என்பதே விடையை மாற்றிவிடுகிறது. பொருளியல் அறிஞர்கள் அல்பெர்ட்டோ அலெசினா, அர்மாந்தோ மியானோ, ஸ்டெஃபனி ஸ்டான்சேவா மூவரும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்வீடன் ஆகிய ஆறு நாடுகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஏழைகளுக்கு அரசு உதவ வேண்டுமா என்ற கேள்விகளைச் சிலரிடம் நேரடியாகக் கேட்டார்கள். வேறு சிலரிடம் முதலில் குடியேறியவர்கள் பற்றிய கேள்விகளைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு அதே கேள்விகளைக் கேட்டார்கள். இரண்டாம் வகையினரிடம் ஏழைகளுக்கு உதவும் எண்ணமே குறைந்திருந்தது. கேள்வியின் வரிசை மட்டுமே மாறியிருந்தது!

அதே ஆய்வில் நமக்குப் பயன்படும் இன்னொரு செய்தியும் உண்டு. வந்தவர்களின் உண்மையான எண்ணிக்கையைச் சொன்னதால் மட்டும் மக்களின் எண்ணம் பெரிதாக மாறவில்லை. உழைத்து வாழும் ஒருவரின் ஒருநாள் வாழ்க்கையைக் காட்டியபோது ஓரளவு மாற்றம் தெரிந்தது. ஆனால் முன்முடிவுகளை முதலிலேயே கிளறிவிட்ட பிறகு எந்தத் தகவலும் போதுமானதாக இல்லை. கரும்பலகையில் சரியான புள்ளிவிவரத்தை எழுதிப்போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் நமக்கு இது ஓர் எச்சரிக்கை.

இந்த அமர்வில் நேர்மையாகப் பேசவேண்டிய ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து வருபவர்களைப் பற்றிய எல்லாக் கவலைகளையும் வெறுப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. “ஒப்பந்தக்காரர் குறைந்த கூலிக்கு ஆள் கொண்டுவருவதால் எனக்கு வேலை போகிறது” என்று ஒரு கட்டடத் தொழிலாளி சொல்கிறார் என்றால், அவர் நம் மாணவர் ஒருவரின் தந்தையாகவும் இருக்கலாம். அவருடைய கவலை கூலியைப் பற்றியது. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை எல்லோருக்கும் சமமாக நடைமுறைப்படுத்தினால் அது தணியும். “அவர்கள் எல்லோரும் திருடர்கள்” என்று சொல்வது வேறு வகை. எந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தினாலும் அது தணியாது. ஏனென்றால் அது முன்முடிவு. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவர்தான் மக்கள் எண்ணத்தைச் சரியாகப் படித்தவர். கவலைக்குக் கொள்கையால் பதில் சொல்ல வேண்டும். முன்முடிவுக்குக் கல்வியால் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் அமர்வு: எண்ணம் சட்டமாகும்போது

எண்ணங்கள் காற்றோடு போய்விடுவதில்லை. சில நேரங்களில் அவை சட்டமாக எழுதப்படுகின்றன. நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கை மலையகம்.

19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தொழிலாளர்கள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். அந்த நாட்டின் ஏற்றுமதி வருவாய் பெருமளவு அவர்கள் உழைப்பில் வந்தது. ஆனால் இவர்கள் நிலத்தையும் வேலையையும் எடுத்துக்கொள்கிறார்கள், இவர்களின் வாக்குகள் மலைநாட்டு அரசியலை மாற்றிவிடும் என்ற அச்சம் பெரும்பான்மை மக்களிடையே வளர்ந்தது. நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே, குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. சுமார் 7 லட்சம் தோட்டத் தமிழர்கள் எந்த நாட்டின் குடிமக்களும் அல்லர் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள வழி செய்தது. 5,25,000 பேருக்கு இந்தியா குடியுரிமை தரும். 3,00,000 பேருக்கு இலங்கை தரும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வார்கள். அவர்களையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் இலங்கையில் வந்தது 2003இல்தான். ஒரு தலைமுறையின் அச்சம் சட்டமாகி, அதைச் சரிசெய்ய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

தாயகம் திரும்பியவர்களுக்காகவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது. ஆனால் அங்கே ‘இந்தியாக்காரர்’ என்று பெயர் வாங்கியவர்கள், இங்கே ‘சிலோன்காரர்’ என்று அழைக்கப்பட்டார்கள். கொள்கை அவர்களைக் குடிமக்களாக ஏற்றுக்கொண்ட பிறகும் பேச்சுவழக்கு நெடுங்காலம் ஏற்றுக்கொள்ளவில்லை. 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் ‘மதராஸி’ என்ற பெயரில் தென்னிந்தியர்கள் எதிர்ப்பைச் சந்தித்ததும் இதே காலத்து நிகழ்வுதான். மொழியையும் உடையையும் வைத்துக் கேலி செய்யப்பட்டவர்கள் அன்று நாமாக இருந்தோம்.

எண்ணம் கதவை மூடவும் செய்யும், திறக்கவும் செய்யும். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, சாலைகளில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்த தொழிலாளர்களை நாடே பார்த்தது. அதுவரை பலர் கண்ணில் படாமல் இருந்தவர்கள் அவர்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. எந்த மாநிலத்து அட்டையாக இருந்தாலும் எந்த ஊரிலும் உணவுப்பொருள் வாங்க வகை செய்யும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தை எல்லா மாநிலங்களும் 2021 ஜூலை 31க்குள் செயல்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அத்திட்டம் 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது. அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் இ-ஷ்ரம் தளம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது.

எண்ணம் நிலையாக நிற்பதும் இல்லை. குடியேறுபவர்களை வரவேற்கும் நாடு என்று பெயர் பெற்ற கனடாவில், வீட்டு வாடகையும் விலையும் ஏறியபோது மக்களின் எண்ணம் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறியது. 2025ஆம் ஆண்டில் 5,00,000 பேருக்கு நிரந்தர வசிப்புரிமை தரத் திட்டமிட்டிருந்த அரசு, 2024 அக்டோபரில் அந்த இலக்கை 3,95,000ஆகக் குறைத்தது. அங்கும் அடிப்படைச் சிக்கல் வீடுகள் போதவில்லை என்பதுதான். வருபவர்களுக்கான கொள்கையும் வீட்டுவசதிக் கொள்கையும் கைகோத்துச் செல்லாவிட்டால், எவ்வளவு நல்லெண்ணம் உள்ள நாட்டிலும் அது கரைந்துவிடும்.

இந்த எடுத்துக்காட்டுகளைக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்து மூன்று கேள்விகளுக்கு விடை காணச் செய்யலாம். மக்கள் எதைக் கண்டு அஞ்சினார்கள், அல்லது எதைக் கண்டு இரங்கினார்கள்? அரசு என்ன செய்தது? அதன் விளைவை யார் சுமந்தார்கள்? மூன்றாவது கேள்விக்கு விடை எழுதும்போது பெரும்பாலான குழுக்கள் ‘குழந்தைகள்’ என்ற சொல்லை எழுதியே தீர வேண்டியிருக்கும்.

நான்காம் அமர்வு: நம் பள்ளி வாசலில்

இனி நம் பள்ளிக்கு வருவோம். அக்டோபர் மாதத்தில் ஒரு நாள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தாய், எட்டு வயது மகளுடன் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் மாற்றுச் சான்றிதழ் இல்லை. பிறப்புச் சான்றிதழ் ஊரில் இருக்கிறது. குழந்தைக்குத் தமிழ் தெரியாது. பருவம் பாதி கடந்துவிட்டது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 இந்தக் காட்சிக்கு ஒவ்வொரு வரியிலும் விடை வைத்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் தரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது பிரிவு 5. வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 14. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது பிரிவு 15. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது பிரிவு 4. புலம்பெயர்ந்த குடும்பத்துக் குழந்தைகளின் சேர்க்கையை உறுதி செய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று பிரிவு 9 வெளிப்படையாகவே சொல்கிறது.

ஆகவே கொள்கையில் குறை இல்லை. ஆனால் அந்தத் தாய்க்கு இந்தப் பிரிவுகள் தெரியாது. அவருக்குத் தெரிவது வாசலில் முதலில் கண்ட முகம்தான். “சான்றிதழ் எடுத்துக்கொண்டு அப்புறம் வாங்கம்மா” என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் போதும். அவர் மறுபடி வரமாட்டார். எந்தப் பதிவேட்டிலும் ‘மறுக்கப்பட்டது’ என்று எழுதப்படாது. அந்தக் குழந்தை தங்கையைப் பார்த்துக்கொண்டு சூளையிலேயே இருந்துவிடும். அரசின் கொள்கை தோற்றுப்போவது பெரும்பாலும் இப்படி ஓசையில்லாமல்தான்.

சேர்த்த பிறகு என்ன செய்வது? இங்கேதான் எண்ணத்தை மாற்றும் வேலை தொடங்குகிறது. வேறுபட்ட குழுக்கள் ஒன்றாகப் பழகினால் முன்முடிவு குறையுமா என்ற கேள்வியை உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். ஒரே கூரையின் கீழ் இருப்பது மட்டும் போதாது என்றார் அவர். நான்கு நிலைமைகள் வேண்டும்: இரு தரப்புக்கும் சம மதிப்பு, பொதுவான இலக்கு, ஒத்துழைத்துச் செய்யும் வேலை, பொறுப்பில் உள்ளவர்களின் வெளிப்படையான ஆதரவு. பிற்காலத்தில் டாமஸ் பெட்டிக்ரூ, லிண்டா டிராப் இருவரும் 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட கட்டுரை, பழக்கம் பொதுவாக முன்முடிவைக் குறைக்கிறது என்று உறுதிசெய்தது. இந்த நிலைமைகள் அமையும்போது பயன் இன்னும் கூடுகிறது.

இந்த நான்கும் ஒருசேர அமையக்கூடிய இடம் சமூகத்தில் அரிது. வகுப்பறை அப்படி ஓர் இடம். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்த வெள்ளை, கறுப்பின, மெக்சிக்க வம்சாவளிக் குழந்தைகள் ஒரே வகுப்பில் உட்கார வைக்கப்பட்டபோது சண்டையும் பதற்றமும் எழுந்தன. உளவியலாளர் எலியட் ஆரன்சன் அங்கே ஒரு முறையைக் கொண்டுவந்தார். பாடத்தை ஐந்தாறு துண்டுகளாகப் பிரித்து, குழுவில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு துண்டைக் கொடுப்பார்கள். அவரவர் துண்டை அவரவர் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்னால்தான் பாடம் முழுமையாகும். தடுமாறிப் பேசும் குழந்தையைக் கேலி செய்தால் நட்டம் கேலி செய்தவருக்கே. ஆகவே குழந்தைகள் பொறுமையாகக் கேட்கவும், கேள்வி கேட்டு உதவவும் பழகினார்கள்.

நம் வகுப்புகளில் இதை எளிதாகச் செய்யலாம். மொழி தெரியாத குழந்தைக்குப் படத்தையோ, வரைபடத்தையோ, எண் அட்டவணையையோ அதன் பங்காகக் கொடுக்கலாம். எண்ணும் எழுத்தும் வகுப்பில் குழுச் செயல்பாடுகளுக்குப் பழகிய ஆசிரியர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டம், குழந்தையின் தாய்மொழி அறிந்த தன்னார்வலர்களைப் பாலமாக வைத்து மலையாளம் கற்பித்தது. நம் ஊரிலும் அந்தத் தொழிலாளர் குடும்பங்களிலேயே படித்த இளைஞரோ பெண்ணோ இருப்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவர்களை அழைத்துப் பார்க்கலாம்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. புதிதாக வந்த குழந்தையை நிற்க வைத்து “உன் பாஷையில் ஏதாவது பேசு” என்று காட்சிப்பொருளாக்கக் கூடாது. வாயில் நுழையவில்லை என்று பெயரைச் சுருக்கவோ மாற்றவோ கூடாது. ஒரு வாரம் முயன்றால் எந்தப் பெயரும் வாயில் நுழையும். வகுப்பில் பொருள் காணாமல் போனால் முதல் பார்வை அந்தக் குழந்தையின் பக்கம் திரும்பக் கூடாது. ஆசிரியரின் கண் எங்கே திரும்புகிறதோ அங்கே நாற்பது ஜோடிக் கண்களும் திரும்பும். ஆல்போர்ட் சொன்ன நான்காவது நிலைமையான ‘பொறுப்பில் உள்ளவர்களின் ஆதரவு’ என்பது வகுப்பறையில் இதுதான்.

உயர்நிலை வகுப்புகளில் சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஒரு படி மேலே செல்லலாம். கைப்பேசியில் வந்த ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, இதை முதலில் சொன்னவர் யார், எங்கே எப்போது எடுத்த காட்சி, அதிகாரபூர்வமாக யார் உறுதி செய்தார்கள் என்று மாணவர்களையே ஆராய வைக்கலாம். 2023 மார்ச் வதந்தி அதற்கு ஏற்ற பாடம். “உன் குடும்பத்தில் வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போனவர் யார்? அங்கே அவரை எப்படி நடத்தினார்கள்?” என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். வளைகுடாவில் உழைத்த மாமா, மலேசியாவுக்குப் போன தாத்தா, பெங்களூரில் கட்டட வேலை பார்த்த அப்பா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை வெளிவரும். புள்ளிவிவரம் மாற்றாத எண்ணத்தையும் அந்தக் கதை அசைத்துப் பார்க்கும்.

பயிற்சிக்குப் பின்

பயிற்சியின் பயனை அன்றைக்கே படிவத்தில் ‘மிக நன்று’ என்று எழுதி அளந்துவிட முடியாது. மூன்று மாதம் கழித்து ஒவ்வொரு பள்ளியும் தனக்குத்தானே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். நம் குடியிருப்பு எல்லைக்குள் உள்ள சூளை, ஆலை, கட்டட வேலையிடங்களில் பள்ளி வயதுக் குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களில் நம் பள்ளிக்கு வந்து கேட்டவர்கள் எத்தனை பேர், சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? சேர்ந்தவர்களில் இன்றும் வருபவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு மதிய உணவு நேரத்தில் பக்கத்தில் உட்கார ஒரு நண்பர் இருக்கிறாரா? முதல் மூன்று கேள்விகளும் கொள்கையைப் பற்றியவை. கடைசிக் கேள்வி மக்கள் எண்ணத்தைப் பற்றியது. நான்குக்கும் விடை தெரிந்த பள்ளியில் இந்தப் பயிற்சி பயன் தந்திருக்கிறது என்று சொல்லலாம்.

நாட்டின் புலம்பெயர்வுக் கொள்கையை வகுப்பவர்கள் நாம் இல்லை. ஆனால் பத்து ஆண்டுகளுக்குப் பின் வாக்களிக்கப் போகிறவர்களும், வீடு வாடகைக்கு விடப் போகிறவர்களும், வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறவர்களும் இன்று நம் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த பெஞ்சுக்கு வந்த குழந்தையின் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்ட பிள்ளைகள், நாளை ஒரு வதந்தி வந்தால் அந்தப் பெயரை நினைத்துப் பார்ப்பார்கள். அந்தப் பெயரை அவர்கள் முதலில் கேட்பது, நாம் வருகைப் பதிவேட்டைத் திறந்து வாசிக்கும்போதுதான்.